பதினாறுக்குப் பதினாறு

ஜூன் 3, செவ்வாய்

நேற்று மாலை எங்கள் குடோன் முன்னால் நிற்கும் பெட்டிச் சிலையிலிருந்து நூற்று நாலு பெட்டிகளைச் சுமைக்காரர்கள் கழற்றி, தக்காளி நிரப்பி, திருச்சூர் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மிச்சம் முப்பத்தெட்டு. தலை இருக்கிறது. தலையில் கட்டிய துண்டு இருக்கிறது. அதன் மேல் சுமக்கிற பெட்டியும் அதைப் பிடித்த இரண்டு கைகளும் இருக்கின்றன. கழுத்துக்குக் கீழே இரும்புச் சட்டம் மட்டும்தான்.

பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

என் தொழில் காய்கறி இல்லை. காய்கறி போகிற பிளாஸ்டிக் பெட்டி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் கடைகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். மரப்பெட்டி காலத்தில் இதே மார்க்கெட்டில் தலைச்சுமை தூக்கியவன் நான். இன்று பதினெட்டாயிரம் பெட்டி என் எழுத்தைத் தாங்கி ஊர் ஊராகப் போய் வருகிறது. எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சொல்லத் தெரியாதது இந்த நூற்று நாலுதான்.

சிலை என் மகன் கௌசிக் செய்தது. பெங்களூரில் செல்போன் விளையாட்டுக்குப் படம் வரைகிற வேலையில் இருந்தான். பொங்கலுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பழைய வீடியோ கேமில் ஒரு ஆளை வரையப் பதினாறு கட்டம் அகலம், பதினாறு கட்டம் உயரம்தான் கிடைக்குமாம். அதற்குள் கை, கால், முகம் எல்லாம் வந்துவிட வேண்டுமாம். கட்டத்துக்கு ஒரு பெட்டி வைத்து, பதினைந்தடி உயரத்துக்கு ஒரு சுமைக்காரனைக் கட்டினான். கிட்டே நின்றால் வெறும் பெட்டி. பைபாஸில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒரு ஆள் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். யாரோ ஒரு சுமைக்காரன்.

மே 8 அன்று மேல் வரிசையில் கம்பி முறுக்கும்போது ஏணி சறுக்கி விழுந்தான். இடுப்புக்கு மேலே எலும்பு நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். இன்றோடு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் இருபத்தேழு நாள். இருபத்தொன்றாம் தேதி வீட்டுக்கு அனுப்புவார்கள். நடப்பானா என்று கேட்டால் டாக்டர் பேப்பரைப் புரட்டுகிறார்.

காலையில் வழக்கம்போல சிலையின் போட்டோ கேட்டான். தினமும் கேட்பான், ஆட்களில் யாராவது எடுத்துத் தருவதை அனுப்புவேன். வீட்டுக்கு வரும் அன்று காரை நேராக அதன் முன்னால் நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கிறான். அதை நினைத்துக்கொண்டுதான் பிசியோவில் வலியைத் தாங்குகிறானாம். போனில் பழைய படம் ஒன்று இருந்தது. அனுப்பினேன். கட்டை விரலை உயர்த்திக் காட்டும் குறி வந்தது.

இருபத்தொன்றாம் தேதிக்குள் நூற்று நாலு பெட்டியும் வந்தாக வேண்டும்.

ஜூன் 4, புதன்

மேஸ்திரி சவரிமுத்துவைக் கூப்பிட்டுத் திட்டினேன். என்னோடு ஒரே நாளில் சுமைக்கு வந்தவன். நான் பெட்டி வாங்கினேன், அவன் மேஸ்திரி ஆனான்.

“சிலைன்னு தெரியாதா உனக்கு? கண்ணு எங்க வெச்சிருந்த?”

“தெரியுமுங்க மொதலாளி.”

“தெரிஞ்சுமா கட்டிங் பிளேயர் வெச்சு அறுத்த?”

“சந்தையில மூணு லாரி தக்காளி தரையில கெடக்குது. குடோன்ல ஒத்தப் பெட்டி இல்ல. உங்களுக்குப் போன் போட்டனுங்க. நீங்கதான போன்ல...”

“போ, போய் லோடைப் பாரு.”

பேச்சை அதோடு நிறுத்திவிட்டேன். அவனிடம் நீட்டி முழக்க நேரமில்லை. ஏணி சறுக்கிய அன்றும் இவன் ஆட்கள் ஒருத்தரும் பக்கத்தில் இல்லை. எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். ஏணியைப் பிடிக்க ஆள் இருந்திருந்தால் இந்த நிலைமை வந்திருக்காது.

திருச்சூரில் எங்கள் பெட்டியில் சரக்கு இறக்குகிற வியாபாரி ஷாஜிக்குப் போன் செய்தேன். காலிப் பெட்டி நாலைந்து நாளில் திரும்பி வரும். ஆனால் அது ஆயிரக்கணக்கில் மற்ற பெட்டிகளோடு கலந்து வரும். அடையாளம் ஒன்றுதான். கௌசிக் ஒவ்வொரு பெட்டியின் உள்பக்கத்திலும் வெள்ளை பெயிண்டில் இரண்டு எண் போட்டிருந்தான். எத்தனையாவது வரிசை, அதில் எத்தனையாவது இடம்.

“அண்ணா, ரெண்டாயிரம் பெட்டிக்குள்ள தலைய விட்டு நம்பர் பாக்கணுமா? என் பையன்மார் என்னைப் பைத்தியம்னு சொல்லும்.”

“சொல்லட்டும். பாரு.”

“எந்தா அண்ணா அதுல? தங்கமா?”

“பழைய பெட்டிதான்.”

பழைய பெட்டி என்பதுதான் சிக்கலே. இல்லாவிட்டால் புதுப் பெட்டி நூற்று நாலு எடுத்து மாட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். கௌசிக் மூன்று மாதம் என் குடோனில் உட்கார்ந்து வெயில் கண்ட பெட்டியாகப் பொறுக்கினான். ஒரு வெயில் கண்ட சிவப்பு வேறு, மூன்று வெயில் கண்ட சிவப்பு வேறு. மூன்று வெயிலில் அது மனிதத் தோல் நிறத்துக்கு வந்துவிடும். அதுதான் உடம்பு. இடுப்பு வேட்டி வெளுத்த மஞ்சள். தலைத் துண்டு நீலம், அதன் மேல் சுமக்கிற பெட்டி பச்சை. அந்தக் காலத்து கேமில் ஒரு ஆளுக்கு நாலு நிறத்துக்கு மேல் கிடையாதாம், எனவே இவனும் நாலோடு நிறுத்திக்கொண்டான். புதுச் சிவப்பை மாட்டினால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

ஜூன் 5, வியாழன்

கோயம்புத்தூர் போனேன். என் மனைவி தெய்வானை அங்கேயேதான் இருக்கிறாள், அவனோடு. இளைத்துவிட்டாள்.

கௌசிக்கை இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி வைத்திருந்தார்கள். இடுப்பில் பட்டையாக ஒரு பெல்ட். பிசியோக்காரர் அதைப் பின்னாலிருந்து பிடித்திருந்தார். அவன் நெற்றியில் வேர்வை சொட்டியது. கால் அவனுடையது மாதிரி இல்லை, யாருடையதையோ மாட்டியது மாதிரி தொங்கியது. நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே ஆம்புலன்ஸ் நிறுத்த இடமில்லாமல் ஒருவன் ஆட்டோக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

“அப்பா, இடது கட்டை விரல் அசைஞ்சுது. பாத்தீங்களா?”

“பாத்தேன் கண்ணு.”

பார்க்கவில்லை.

“ஆளு எப்படி இருக்கான்? மழைக்குக் கம்பி எதும் லூஸ் ஆகலையே?”

“நிக்கறான்.”

“குண்டாத் தெரியறான்னீங்க. பெட்டி சதுரமில்லைன்னு. அந்தக் காலத்து டிவிலயும் கட்டம் சதுரமா இருக்காதுப்பா, கொஞ்சம் அகலமாத்தான் இருக்கும். அதனால பெட்டி கரெக்டு.”

சிரித்தான். நானும் சிரித்தேன். வழியில் பழநியில் நிறுத்தி இட்லி சாப்பிட்டேன். எத்தனை என்று நினைவில்லை.

ஜூன் 7, சனி

முதல் லாரி வந்தது. காலிப் பெட்டி அறுநூறு. அதில் நம்பர் போட்டது பதினேழு.

ஆட்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொரு பெட்டியாகத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். முதலில் முணுமுணுத்தார்கள். அரை மணியில் அது ஒரு விளையாட்டாகிவிட்டது.

“ஏழு பதினொண்ணு!”

“எங்க, காட்டு. டேய் அது ஒண்ணு இல்ல, பல்லி எச்சம்.”

“ஒம்போது நாலு! மொதலாளி, ஒம்போது நாலு எனக்கு. டீ வாங்கிக் குடுங்க!”

அத்தனை பேருக்கும் டீ சொன்னேன். சவரிமுத்து மட்டும் தள்ளி நின்று பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். பெயிண்ட் அழியாமல், வெளிப்பக்கம் மட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

மழை. லாரி வரவில்லை. கௌசிக்குக் காலைப் படம் அனுப்பினேன்.

ஜூன் 10, செவ்வாய்

இதுவரை ஐம்பத்திரண்டு. ஷாஜியின் ஆட்கள் எட்டு பெட்டியை மீன் மார்க்கெட்டுக்குக் கொடுத்துவிட்டார்களாம். நாற்றம் பரவாயில்லை, அனுப்பு என்றேன்.

கௌசிக்குக் கேம் விளையாடக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று தெய்வானை ஒருமுறை சொன்னாள். உண்மை. ஐந்தாறு வயதில் குடோனில் லாரி பின்னால் வரும்போது குறுக்கே ஓடுவான். பயந்துபோய் திண்டுக்கல்லில் ஒரு பழைய டிவியும், கேசட் போட்டு ஆடுகிற கேமும் வாங்கி, பெட்டி அடுக்குக்கு நடுவே வைத்தேன். அதற்குப் பிறகு அவன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் நிம்மதியாக வியாபாரம் பார்த்தேன். நாலு பக்கமும் பெட்டி, நடுவில் அவன், டிவியில் கட்டம் கட்டமாக ஒரு ஆள் ஓடிக்கொண்டிருப்பான். எட்டிப் பார்த்து, இருக்கிறானா என்று மட்டும் உறுதி செய்துகொண்டு போவேன்.

ஜூன் 12, வியாழன்

அறுபத்தாறு வந்தாயிற்று. மாட்டத் தொடங்கினோம். வெல்டிங் செய்கிறவனையும் வரச் சொல்லி, சட்டத்தைச் சரிபார்த்தோம். நான் தள்ளி நின்று எண்ணைப் படித்தேன், சவரிமுத்து சாரத்தில் நின்று கட்டினான். ஆறாம் வரிசை மூன்றாவது. ஆறாம் வரிசை நாலாவது. மதியத்துக்குள் முப்பது பெட்டி ஏறிவிட்டது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

சாயங்காலம் பதினாலாம் வரிசைப் பெட்டியை எடுத்தான். எண்ணிக்கொண்டே அண்ணாந்து பார்த்தான்.

“மொதலாளி, பதினாலாவது வரிசைல ஏற்கெனவே கை இருக்குதுங்களே. இதை எங்க போடறது?”

“சரியாப் பாரு.”

“பாத்தாச்சுங்க. பதினாலு, பதினஞ்சு, பதினாறு மூணுலயும் ஆளு இருக்கான்.”

தள்ளிப் போய் ரோட்டிலிருந்து பார்த்தேன். உடம்பு தப்பாக இருந்தது. தோள் இருக்க வேண்டிய இடத்தில் வேட்டி. வேட்டி இருக்க வேண்டிய இடத்தில் தோள். ஒரு மனிதனை நடுவில் வெட்டித் திருப்பி வைத்தது மாதிரி.

நாங்கள் வரிசையைத் தரையிலிருந்து எண்ணினோம். பெட்டி அடுக்குகிறவன் வேறு எப்படி எண்ணுவான்? முதல் வரிசை என்றால் தரையில் இருப்பது. அதன் மேல் இரண்டு. அந்தரத்திலிருந்து எவனாவது பெட்டி அடுக்குவானா? ஆனால் கௌசிக் மேலிருந்து எண்ணியிருக்கிறான் போல. அப்படியும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பெயிண்ட் பாதி போன பெட்டியில் ஆறா ஒன்பதா என்பதே தெரியவில்லை. வரைந்து வைத்த தாள் அவன் பெங்களூர்க் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கேட்டால்தான் தெரியும். அவனிடம்தான் கேட்க வேண்டும்.

ஒன்பது நாள் இருக்கிறது.

ஜூன் 14, சனி

கோயம்புத்தூர். நாலு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். ஷாஜியைப் பற்றி ரெண்டு கதை சொன்னேன். அப்புறம், பேச்சோடு பேச்சாக, சரக்கு விலையைக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

“கண்ணு, பெட்டிக்குள்ள நம்பர் போட்டிருக்கியே, அது மேலருந்தா, கீழருந்தா?”

ஆரஞ்சைச் சாப்பிட்டு முடித்தான். கொட்டையைத் துப்பினான்.

“மேலருந்துப்பா. டிவில படம் மேலருந்துதான் வரும். ஏன் கேக்கறீங்க?”

“சும்மா.”

“நம்பர் பெட்டிக்கு உள்பக்கம் இருக்கு. கட்டின பெட்டியக் கழட்டினாத்தான் தெரியும்.”

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.

“அப்பா, ஒரு காக்கா.”

“என்ன?”

“நீங்க அனுப்பற போட்டோவுல மூணாவது பெட்டி மேல ஒரு காக்கா உக்காந்திருக்கு. பன்னெண்டு நாளா அதே பெட்டியில, அதே பக்கம் பாத்துக்கிட்டு. மொதல்ல எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. அப்பாவுக்கு ஒரே போட்டோதான் அனுப்பத் தெரியும்னு நெனச்சேன். சரி, சொல்லுங்க. கீழ விழுந்துருச்சா?”

சொன்னேன். லாரி, தக்காளி, நூற்று நாலு, ஷாஜி, மீன் மார்க்கெட். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன், யார் எடுக்கச் சொன்னது என்பதைத் தவிர. அவன் கேட்டது அதை மட்டும்தான்.

“உங்க கிட்டக் கேக்காம சவரி மாமா ஒரு காலிப் பெட்டியைத் தொடுவாரா?”

பாட்டிலை மூடி வைத்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தான். இடுப்பு திரும்பவில்லை. தலையை மட்டும் திருப்பிக்கொண்டான்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் அவன் போட்டோ கேட்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

தெய்வானை போனில்.

“என்னுங்க சொன்னீங்க அவன்கிட்ட? பிசியோவுக்கு வரமாட்டேங்கறான். வீட்டுக்கும் வரமாட்டானாம். பெங்களூர்ல எவனோ சிநேகிதன் ரூமுக்குப் போறானாம். அங்க லிப்ட் இருக்குதாம். அதுக்கு வண்டி சொல்லியாச்சாம், இருவத்தொண்ணுக்கு.”

“பேசிப் பாரு.”

“நான் பேசறதா? அவன் உங்க மேலதான கோவமா இருக்கான். அப்படி என்னுங்க பண்ணுனீங்க?”

“சிலையக் கழட்டிட்டாங்க.”

“பெட்டிதான? அதுக்கா?”

அதற்குத்தான் என்றேன்.

அவனை அங்கே யார் குளிப்பாட்டுவார்கள்? ராத்திரி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். சிநேகிதன் எத்தனை நாள் செய்வான்? பத்து நாள். இருபது நாள். வியாபாரியாகச் சொல்கிறேன், அதற்கு மேல் எவனும் தாங்க மாட்டான். பெங்களூர் போனால் அவன் எழுந்து நிற்க மாட்டான். அதுவும் எனக்குத் தெரிகிறது.

சாயங்காலம் பெட்டியை எல்லாம் இறக்கி, மேலிருந்து எண்ணித் திரும்ப மாட்டச் சொன்னேன். என்னத்துக்கு என்று தெரியவில்லை. ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள், வேலை இருக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

சவரிமுத்து சாரத்திலிருந்து இறங்கி வந்து கை கழுவினான். பீடி பற்ற வைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு நின்றான்.

“ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு.”

“அன்னிக்குப் போன்ல நான் ரெண்டு தடவை கேட்டனுங்க. ‘வாசல்ல நிக்கறதையா மொதலாளி’ன்னு. நீங்க ‘ஆமா, வாசல்ல நிக்கறதத்தான், எடு’ன்னீங்க. ‘தம்பி கட்டுனதுங்க’ன்னேன். ‘பெட்டி பெட்டிதான், எடுறா’ன்னீங்க. பசங்க தயங்கினாங்க. ‘எப்படிண்ணே, இது மொதலாளியாச்சே’ன்னாங்க.”

“எது மொதலாளி?”

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

“அந்த ஆளுதாங்க. நீலத் துண்ட முன்னால முடிச்சுப் போட்டுக் கட்டறது இந்த மார்க்கெட்லயே நீங்க ஒருத்தர்தான். மத்தவனெல்லாம் பின்னாலதான் முடிவான். மரப்பெட்டியத் தலையில வெச்சு நீங்க ஓடுவீங்களே, நடக்க மாட்டீங்களே, வலது கால அப்படித் தூக்கிக்கிட்டு. தம்பி என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டு எழுதிக்கிச்சுங்க, நாலு நாள். அப்பா எப்படி ஓடுவாருன்னு. ஏனுங்க, தெரியாதா உங்களுக்கு?”

“லோடு வந்திருக்கு பாரு” என்றேன்.

வந்திருக்கவில்லை.

அவன் சொன்னது சரி. போனில் அப்படித்தான் சொன்னேன். பெட்டி பற்றாக்குறை நிஜம். ஆனால் பழநியில் என் எழுத்துப் போட்ட பெட்டி இருநூறு காலியாக நின்றது எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் வந்திருக்கும். அதை நினைக்காமல் இல்லை. நினைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

மே 9-லிருந்து நான் பின்பக்க கேட் வழியாகத்தான் குடோனுக்குள் போகிறேன்.

ஜூன் 18, புதன்

எழுபத்து ஒன்பது.

மே 8 அன்று ஏணியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சுமைக்காரர்கள் டீக்குப் போயிருந்ததால் அவன் என்னைக் கூப்பிட்டான். “அப்பா, ரெண்டு நிமிசம், கடைசிக் கம்பி.” இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். இடுப்பில் போன் அடித்தது. ஷாஜி. ஒரு கையை எடுத்தேன். லைன் சரியாகக் கேட்கவில்லை, நாலடி தள்ளிப் போனேன். “எத்தனை பெட்டி?” என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது.

இதை எழுதிவிட்டேன். சாப்பிடப் போகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

சவரிமுத்துவும் கூட வருகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். உடுமலையில் டீசல் போட்டேன். பத்தரைக்கு ஆஸ்பத்திரி.

மூட்டை கட்டி வைத்திருந்தான். பெங்களூர்ப் பையில் துணி மடித்திருந்தது. தெய்வானை துணி துவைக்கப் போயிருந்தாள்.

“கதவச் சாத்துங்க” என்றான். சாத்தினேன்.

“நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றேன்.

“தெரியும். சவரி மாமா போன் பண்ணுனார், நீங்க பின்பக்கமா வந்து போறது வரைக்கும் சொன்னார். அழுதார்.”

சவரிமுத்து அழுது நான் பார்த்ததில்லை.

“ஏணிய விட்டதுக்கு உங்க மேல எனக்குக் கோவமில்லைப்பா. அம்மாகிட்டயும் சொல்லலை. போன் அடிச்சா எடுப்பீங்க. ரோட்டத் தாண்டறப்பவே என் கைய விட்டுட்டு எடுப்பீங்க. அது எனக்குப் பழக்கம். ஏணி ஏறுனப்பவே தெரியும், போன் வந்தா விட்டுருவீங்கன்னு. தெரிஞ்சுதான் ஏறுனேன். அந்த ஆளை ஏன் எடுக்கச் சொன்னீங்க?”

“பெட்டி பத்தலை.”

“அப்பா.”

“பாக்க முடியலடா.”

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது வராந்தா முடிகிறவரை கேட்டது.

“நான் வீட்டுக்கு வந்தா கூடத்துலதான் இருப்பேன். சக்கர நாற்காலில. காலைல எந்திரிச்சா நான், சாயங்காலம் வந்தா நான். அதை எப்படிப் பாப்பீங்க? எனக்கும் ஒரு பின்பக்க கேட் வெப்பீங்களா?”

இருபத்தெட்டு வருடம் வியாபாரத்தில் எதிராளி கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லிப் பழகியவன் நான். அவன் காலைப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாதம் வெளுத்து, நகம் வளர்ந்திருந்தது. எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அவனை இங்கே சேர்த்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் முகம் திருப்பாமல் அதைப் பார்த்திருக்கிறேன்.

பையில் நகவெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். மேஜை டிராயரில் இருக்கிறது என்றான். உட்கார்ந்து பத்து விரலையும் வெட்டினேன். இடது கட்டை விரல் என் கைக்குள் அசைந்தது. நெல் அளவு.

“கூசுதா?”

“இல்லை. நான் ஆட்டிப் பாத்தேன்.”

போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. அவன் என் சட்டைப் பையைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

“ஷாஜியா இருக்கும். இன்னும் இருபத்தஞ்சு பெட்டி வரணும்னு சவரி மாமா சொன்னாரே” என்றான்.

“இருக்கட்டும்.”

அடித்து ஓய்ந்தது.

“சரி, பேரம் பேசலாமா?” என்றான். “நீங்க மட்டும்தான் வியாபாரியா? நானும் உங்க மகன்தான்.”

அரை மணி நேரம் பேசினோம். கறாரான ஆள். எங்கே கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை.

தெய்வானை ஈரத் துணியோடு வந்தாள். அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன். ஏணி விஷயத்தைச் சொன்னேன். நின்றபடியே கேட்டாள்.

“யாரு போன் அது?”

“ஷாஜி.”

“என்ன கேட்டான்?”

“பெட்டி.”

வாளியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டாள். கொடியில் ஒவ்வொரு துணியாக உதறிக் காயப்போட்டாள். என் சட்டையும் ஒன்று அதில் இருந்தது, போன வாரம் விட்டுப்போனது. அதை மட்டும் வாளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் எடுத்துக் காயப்போட்டேன்.

ஜூன் 21, சனி

பெங்களூர் வண்டியை வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மூன்றே காலுக்கு ஒட்டன்சத்திரம் வந்தோம். தெய்வானை பின்சீட்டில் அவனோடு உட்கார்ந்திருந்தாள், வழியெல்லாம் என்னோடு பேசவில்லை. முன்பக்க கேட் வழியாக வந்து, சிலைக்கு நேரே காரை நிறுத்தினேன். எண்பத்தொரு பெட்டி ஏறியிருக்கிறது. இருபத்து மூன்று இடம் ஓட்டை. வயிற்றில் பெரிதாக ஒன்று, தூக்கிய காலில் ஏழெட்டு. ஓட்டை வழியே பைபாஸில் போகிற லாரி தெரிந்தது. அவன் கண்ணாடியை இறக்கிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தான். சுமைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“பரவால்ல, ஓடறான்” என்றான்.

நேற்று பேசி முடித்தது இது. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

ஒரு வருடம் அவன் இந்த வீட்டில் இருப்பான். ஒரு வருடம் முடிந்ததும் இருப்பதா போவதா என்று அவன் முடிவு செய்வான், நான் எதிர்த்துப் பேசக் கூடாது. வராத இருபத்து மூன்று பெட்டிக்குப் பதிலாக வேறு பெட்டி மாட்டக் கூடாது. வந்தால் மாட்டுவது, வராவிட்டால் ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். சந்தையில் எவ்வளவு தட்டுப்பாடு வந்தாலும் அதிலிருந்து பெட்டி எடுக்கும் உரிமை எனக்கில்லை, சவரிமுத்துவுக்கு நான் போனில் சொன்னாலும் செல்லாது. அவனைப் பற்றி டாக்டர் சொல்வது எதுவானாலும் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும்.

பிசியோவுக்கு வெளி ஆள் வைக்கலாம் என்று நான் சொன்னதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. காலை இருபது நிமிடம், மாலை இருபது நிமிடம், கம்பிக்கு நடுவே அவன் நிற்கும்போது இடுப்பு பெல்ட்டைப் பிடிப்பது நான். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, சீசனிலும் உண்டு. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். விடு என்று அவன் சொல்லும்வரை விடக் கூடாது.